காலையில் இறக்கி மாலையில் கட்டிய கயிறு

கழுத்தை மொட்டையாக வைத்துக்கொண்டு என் மருமகள் வாசல்படி இறங்கினாள் என்று எதிர் வீட்டுச் சௌந்தரம் சொல்வதில் பாதி உண்மை. இறங்கினாள். அதை நான் மறுக்கவில்லை. மீதிப் பாதி சௌந்தரம் தானாகச் சேர்த்துக்கொண்டது.

நேற்று ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, ஊரே கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே தாலிய வுட்டெறிஞ்சிட்டு ஃபாரின் போனவதான தில்லையக்கா ஒன் மருமவ? நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்த சரி. எதுக்குன்னு வாயத் தொறந்து கேட்டியா?" என்றேன்.

"அதுல கேக்க இன்னாக்கா இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னா மண்ணெண்ண டின்ன நவுத்து. வரிசை போவுது."

வரிசையில் நின்றுகொண்டு முழுவதையும் சொல்ல முடியுமா? எட்டு வருஷத்துக் கதை அது. அதனால்தான் மாலதியைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. மாலதி என் மருமகளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவள். தப்பாகச் சொன்னால் திருத்துகிறேன் என்கிறாள். நான் தப்பாகச் சொல்ல மாட்டேன், அவள் எழுதினால் போதும்.

என் மருமகள் பெயர் சந்திரலேகா. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த கலியமூர்த்தியின் மகள். சுனாமி வந்த வருஷம் தை மாதத்தில், அதாவது சுனாமிக்குப் பதினோரு மாதம் முந்தி, என் மகன் ஸ்ரீதருக்கு அவளைக் கட்டி வைத்தோம். இரண்டாயிரத்து நாலு என்று மாலதி போட்டுக்கொள்கிறாள். ஸ்ரீதருக்கு வீடுகளுக்கு ஒயரிங் பண்ணும் வேலை. அவள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கல்யாணம் ஆன மூன்றாம் மாதமே, "அத்த, கடலூர் செம்மண்டலத்துல ஒரு கம்பெனி தொறக்குறாங்களாம், எழுதிப் போடவா?" என்று கேட்டாள். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் போய் வருவதா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் அதிகம் பேசாத மனுஷர். அன்றைக்குப் பார்த்து, "போவட்டுமே, படிச்சிருக்குதில்ல" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கம்பெனிக்கு நோர்ஹோல்ம் என்று பெயர். டென்மார்க் என்ற குளிர் தேசத்துக் கம்பெனி. தரங்கம்பாடியில் கடலோரம் கோட்டை கட்டிவிட்டுப் போனார்களே, அந்த ஊர்க்காரர்கள். கோட்டையைப் பார்க்க வந்த முதலாளி, சிதம்பரம் பக்கத்தில் இத்தனை பெண்பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் இருப்பதைப் பார்த்து இங்கே ஒரு கிளை போட்டாராம். அப்போது அது அவர்கள் நாட்டிலேயே சின்னக் கம்பெனிதான். பழைய பால் பண்ணைக் கட்டடம் ஒன்றில் முப்பது பேர். இங்கே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் பதினெட்டுப் பெண்கள்.

என்ன வேலை என்றால், காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் மெஷினுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. சிப் என்கிறார்கள். அரிசி நொய் அளவுதான் இருக்கும். அதன் மேல் தங்கக் கம்பி ஒட்ட வேண்டும். அந்தக் கம்பி தலைமுடியைவிட மெலிசு. மெஷின் ஒட்டும், இவர்கள் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒட்டாததைத் தள்ள வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் சில்லு செத்துப் போகுமாம். அதனால் உள்ளே போகும்போது பூ கூடாது, பவுடர் கூடாது, மஞ்சள் குளித்த முகம் கூடாது, பொட்டு கூடாது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை. தாலியை மட்டும் உடைக்குள் தள்ளிக்கொண்டால் போதும் என்று விட்டிருந்தார்கள்.

பூ வைக்காமல் என் வீட்டிலிருந்து கிளம்பக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். வைத்துக்கொண்டுதான் போனாள். கஞ்சித்தொட்டி முனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஓட்டுகிறவர் பொன்னுரங்கம். கடலூர் போய்ச் சேர்வதற்குள் பதினெட்டுப் பேரும் தலைப்பூவை எடுத்து அவருடைய வண்டிப் பிள்ளையாருக்குப் போட்டுவிடுவார்களாம். பிள்ளையார் கண்ணுக்கே தெரியமாட்டார். "எந்தக் கோயில்லயும் இம்மாம் பூ சாத்த மாட்டாங்க. என் வண்டி ஓடாம என்ன செய்யும்?" என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போதுகூட முல்லைச் சரம் தொடுத்தால் எனக்கு அந்த வேன்தான் ஞாபகம் வருகிறது.

நல்ல காலம் அது. சாயங்காலம் ஆறேகாலுக்கு அவள் வந்தால் வீடு முழுக்கக் கம்பெனிப் பேச்சுதான். அந்த மார்கழியில் சுனாமி வந்து கடலூரே அழுதது. ஒரு வாரம் வேன் வரவில்லை. கம்பெனியை மூடிவிடுவார்கள் என்றார்கள். மூடவில்லை. அடுத்த வருஷம் பக்கத்துக் கொட்டகையையும் எடுத்தார்கள். பேத்தி சுவேதா பிறந்து, ஆறு மாதம் கழித்து அவள் திரும்பிப் போனபோது எண்பது பேர். வேன் போய்ப் பஸ் வந்தது. பொன்னுரங்கம் பிள்ளையாரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு மாறினார்.

டென்மார்க்கிலிருந்து பிர்கிட் என்ற அம்மாள் வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். நெட்டையாக, கம்பு மாதிரி இருப்பாள். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு தோசை சாப்பிட்டாள். பையிலிருந்து ஒரு காது மெஷினை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். புளியங்கொட்டை அளவுகூட இல்லை.

"இதுக்குள்ளயா ஒன் வேல இருக்குது?" என்று மருமகளைக் கேட்டேன்.

"அதுக்குள்ள இருக்குறதுக்குள்ள இருக்குது அத்த."

அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனிமேல்தான் சௌந்தரத்துக்குத் தெரியாத பகுதி வருகிறது.

ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் வல்லம்படுகைக்குப் போய்க் கொள்ளிடத்தில் முழுகித் தாலிக் கயிறு மாற்றுவோம். கயிறு விஷயத்தில் நான் கறார். கடையில் விற்கும் சாயக் கயிறு என் வீட்டுக்குள் வராது. விரலி மஞ்சளை ஊறவைத்து, நானே அம்மியில் விழுது அரைத்து, நூலில் கனமாகப் பூசிக் காயவைப்பேன். பழைய கயிற்றை எடுப்பதற்கு முன்னாலேயே புதியதைக் கட்டிவிட வேண்டும். கழுத்து ஒரு நொடி வெறுமையாக இருக்கக் கூடாது. தன் கையால் தானே கட்டிக்கொள்ளவும் கூடாது. மூத்த சுமங்கலி ஒருத்திதான் கட்ட வேண்டும். இது என் மாமியார் எனக்கு வைத்த சட்டம். நானும் வைத்தேன்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆடிப் பதினெட்டு. சந்திரலேகாவோடு கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர் ஆற்றுக்கு வந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் நான்தான் கட்டினேன். என் கயிற்றின் மஞ்சளைப் பார்த்து, "அம்மா, பவுன் மாரி இருக்குதும்மா" என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. கம்பெனியில் கல்யாணமான பெண்கள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் அன்றைக்கு எங்கெங்கோ ஆற்றிலும் குளத்திலும் கயிறு மாற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள்.

அந்த வாரம் தங்கக் கம்பி ஒட்டவில்லை.

நூறு சில்லுக்கு முப்பது கெட்டுப் போயிற்று. ஏசி மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். தண்ணீரைப் பார்த்தார்கள். சிப்காட் புகையா, கடல் காற்றா என்று தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மேனேஜர் மணவாளன் என்று ஒருவர் இருந்தார். அவர் எந்த மேஜையில் கெட்டது அதிகம் என்று எடுத்துப் பார்த்து, எல்லாம் கல்யாணமான பெண்களின் மேஜை என்று கண்டுபிடித்துவிட்டார்.

"வூட்டு ஞாபகத்துல வேல செய்யறீங்க. புருஷன், புள்ள, மாமியா. கண்ணு கண்ணாடில இருந்தாலும் மனசு அடுப்புல இருக்குது. அடுத்த மாசம் முதல் கல்யாணமாவாத பொண்ணுங்க மட்டும் போதும்னு டென்மார்க்குக்கு எழுதப் போறேன்."

சந்திரலேகா வந்து இதைச் சொன்னாள். அவள் ஒருத்தி வேலை மட்டுமா? நூறு பேருடைய வேலை.

மறுநாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த என்னிடம் வந்து கேட்டாள்.

"அத்த, போன வருஷம் கயிறு எப்பப்ப மாத்துனோம்?"

"ஆடிப் பதினெட்டு. அப்புறம் மார்கழித் திருவாதிரை நோம்புல. ஏன்?"

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதேதான். நடுவுல மாசில ஒரு தடவ. ஒன் கயிறு நைஞ்சுபோச்சுன்னு."

நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள். எனக்குத் தேதி தெரியாது, நோன்பு தெரியும். பெரிய கேடு இந்த வருஷம்தான். ஆனால் சின்னச் சின்னதாகச் சில்லு கெட்ட வாரங்கள் முன்னேயும் இருந்திருக்கின்றன. அந்த வாரமும் நான் சொன்ன நோன்பும் ஒன்றாக இருந்ததாம். அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கம்பெனியில் ஒரு ஊதா விளக்கு உண்டு. சில்லு ஒட்டியிருக்கும் பிசின் நாடாவை இளக வைக்கிற விளக்கு. கெட்டுப்போன சில்லை அதன் கீழே வைத்துப் பார்த்திருக்கிறாள். புள்ளி புள்ளியாகப் பச்சை மஞ்சளில் மின்னியதாம். தன் கயிற்றிலிருந்து ஒரு நூல் பிசிறை எடுத்து வைத்தாளாம். அதுவும் அதே மாதிரி மின்னியது. உடைக்குள்ளேதான் கயிறு இருந்தது. ஆனால் கண்ணாடியில் பார்க்கக் குனியும்போது கழுத்துப் பட்டி விரிகிறது. காய்ந்த மஞ்சள் உதிர்கிறது.

"யாரு அரைச்ச மஞ்சள்?" என்று நான் கேட்டேன். எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

அவள் என் அம்மியைப் பார்த்தாள்.

"தாலிக் கயித்துமேல பழி போடுறியா? அந்த வெள்ளக்காரன் மெஷின்ல கோளாறு இருக்கும், போ."

"மெஷின்ல இல்ல அத்த. நான் பாத்துட்டேன். மேனேஜர்கிட்ட சொன்னா நம்பமாட்டாரு. ஒரு வாரம் நான் கயிறு இல்லாம உக்காந்து, என் மேஜைல ஒண்ணுகூட கெடலன்னு காட்டுனாதான் நம்புவாரு."

"அதுக்கு?"

"நீங்க கட்டுனது. நீங்கதான் எறக்கணும். நானா எடுக்க மாட்டேன்."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. பிடிவாதக்காரி என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைச் சும்மா வாங்கவில்லை. ஆனால் கேளுங்கள். அவள் நினைத்திருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து தானே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் இறங்கும்போது கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? கம்பெனிக் கதவுக்குள் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் அப்படிச் செய்யவில்லை. என் முன்னால் வந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அது எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை, சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, "வா இங்க" என்றேன். மூன்று முடிச்சையும் அவிழ்த்தேன். குங்குமச் சிமிழைக் காலி செய்து அதற்குள் வைத்தேன். ஸ்ரீதர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, எனக்கு ஒண்ணும் ஆவலயே. பசிகூட எடுக்குது."

"வாய மூடுடா. இந்த வாரம் முழுக்க நீ மோட்டார் பைக் ஏறக் கூடாது. போஸ்ட் மரம் ஏறக் கூடாது. கரண்டுல கை வைக்கக் கூடாது."

"ஒயரிங்காரன் கரண்டுல கை வைக்காம பின்ன காத்துலயா வைப்பான்?"

நான் விடவில்லை. ஆறு நாள் அவன் வீட்டில் உட்கார்ந்து தாயக்கட்டம் ஆடினான். தும்மினால் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாயங்காலம் ஆறேகாலுக்கு அவள் வந்து, முகம் கழுவி, மாடத்துக்கு முன்னால் உட்காருவாள். நான் கட்டுவேன். அப்புறம்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

அந்த வாரம் அவள் மேஜையில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கெடவில்லை. மணவாளன் வேறு வழியில்லாமல் டென்மார்க்குக்கு எழுதினார். பிர்கிட் அடுத்த விமானத்தில் வந்து, ஊதா விளக்கின் கீழே தானே பார்த்தாள். ஒரு பெண்ணையும் நிறுத்தவில்லை. கழுத்தை இறுகப் பிடிக்கிற மாதிரிப் புது உடை தைத்து, தாலியை ஒரு துணி உறையில் போட்டு உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தாள். மாலதி, நீ அந்த உறையைத்தானே கடைசி வரைக்கும் போட்டாய்? ஆமாம் என்கிறாள்.

சந்திரலேகாவை மட்டும் இன்னும் உள்ளே ஒரு அறைக்கு மாற்றினார்கள். அங்கே அந்த உறைகூடக் கூடாது. ஆகவே அந்த ஒரு வாரத்தோடு அது நிற்கவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் நடந்தது. காலையில் நான் இறக்குவேன், மாலையில் நான் கட்டுவேன். முடிச்சு அவிழ்க்கும் நேரத்துக்குள் அவள் ஏதாவது சொல்லிவிடுவாள். சுவேதா பள்ளிக்கூடத்தில் யாரைக் கடித்தாள், இன்றைக்கு எந்தச் சேலை உடுத்தலாம், இப்படி ஏதாவது. எனக்குப் பெண்பிள்ளை இல்லை. அந்தக் கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

தெருவுக்கு அது கண்ணில் பட்டுவிட்டது. "மாமியாளே மருமவ தாலிய எறக்குறா" என்றார்கள். சௌந்தரம் வெற்றிலை வாங்குகிற சாக்கில் காலையில் வந்து எட்டிப் பார்ப்பாள். நான் கதவைச் சாத்தவில்லை. மறைத்துச் செய்ய அதில் என்ன இருக்கிறது?

கம்பெனி வளர்ந்தது. நடுவில் உலகத்துக்கே பணக்கஷ்டம் என்று ஒரு வருஷம் பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். திரும்ப எல்லாரையும் கூப்பிட்டார்கள். காது மெஷின் போதாதென்று கார் சக்கரத்தில் காற்று குறைந்தால் சொல்கிற சில்லு, இதயத்துக்குள் வைக்கிற சில்லு என்று பண்ணினார்கள். பால் பண்ணையில் இருந்த கம்பெனி நாலு மாடியில் இருக்கும் படத்தை அவள் போனில் காட்டினாள். இங்கே ஐந்நூறு பேர்.

போன வருஷம் மார்கழியில் தானே என்ற புயல் வந்தது. பலாமரம், முந்திரி, கரண்டு கம்பம், எல்லாம் போயிற்று. செம்மண்டலத்துக் கூரையும் போயிற்று. உள்ளே மழையும் மண்ணும் புகுந்த இடத்தில் இனி சில்லு செய்ய முடியாது என்று இங்கே மூடிவிட்டு, எல்லாவற்றையும் டென்மார்க்கில் இருக்கும் அந்த நாலு மாடிக்கே கொண்டுபோனார்கள். ஐந்நூறு பேருக்கும் ஆறு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். சந்திரலேகாவை மட்டும் அங்கே வரச் சொன்னார்கள். தூசி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிற வேலைக்கு அவள் தலைமையாம். ஸ்ரீதரும் சுவேதாவும் பள்ளிக்கூட வருஷம் முடிந்து பின்னால் வரலாம் என்று காகிதம் வந்தது.

அவள் போகமாட்டேன் என்றாள்.

"ஏன்டி?"

"தெரு பேசுது அத்த. இங்க நீங்க எறக்குறப்பவே இவ்ளோ பேசுது. அங்க யாரு எறக்குவாங்க, யாரு கட்டுவாங்க? நான் போனா நீங்கதான் பேச்சு கேக்கணும்."

"எனக்குக் காது நல்லா கேக்கும். கேட்டுக்குறேன்."

"ஒங்க சட்டப்படி என் கையால நான் கட்டிக்கக் கூடாது."

ஸ்ரீதர் எவ்வளவோ சொல்லியும் அவள் அசையவில்லை. எட்டு வருஷம் என்னோடு இருந்து என் பிடிவாதத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னேன்.

"சட்டம் வச்சவ நான். மாத்தறவளும் நான்தான். இனிமே ஒன் கையால நீ எறக்கு, ஒன் கையால நீ கட்டு. பெட்டிய எடு."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் எழுந்து போய்ப் பெட்டியை நானே பரணிலிருந்து இறக்கினேன்.

போன ஆவணியில் கிளம்பினாள். காலை ஏழு மணி. சென்னைக்குப் போகக் கார் வந்து வாசலில் நின்றது. சுவேதா அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள், தானும் விமானம் பார்க்க வேண்டும் என்று. நடையில் சந்திரலேகா என் காலைத் தொட்டு எழுந்தாள்.

"நில்லு" என்றேன். "என் கண்ணு முன்னாடி ஒரு தடவ நீயா செஞ்சு காட்டு. ஒழுங்கா அவுக்கத் தெரியுதான்னு நான் பாக்கணும்."

"இப்பயா அத்த?"

"இப்பதான்."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தேடினாள். முதல் முடிச்சு வரவில்லை. என் கை தானாக எழுந்தது. கீழே போட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றாக மூன்றையும் அவிழ்த்தாள். கயிற்றை மடித்துச் சிமிழில் வைத்தாள்.

"சரி, இப்ப கட்டு" என்று நான் சொல்வதற்குள் வெளியே ஸ்ரீதர் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினான்.

"லேகா, விழுப்புரத்துல ரோடு மறிச்சிருக்கானாம்! இப்ப கெளம்பலன்னா பிளைட்டு அவ்ளோதான்!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சிமிழைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து வாசல்படி இறங்கினாள். எதிர் வீட்டில் சௌந்தரம் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று அவள் கழுத்தையே பார்த்தாள்.

"எங்கடி காலங்காத்தால?"

"வேலைக்கி சித்தி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.